எல்லிஸ் டங்கன் செய்த வேலை

(திரைப்படக் கல்வி மாணவர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எல்லிஸ் ஆர். டங்கனைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் ஒரு செய்தியைச் சொல்வார்கள். தமிழ் தெரியாத அமெரிக்கர் ஒருவர் தமிழ்ப் படங்களை இயக்கினார் என்பதுதான் அது. கேட்பவர் வியப்பார். பேச்சு அத்தோடு நின்றுவிடும். ஒரு மனிதர் பதினைந்து ஆண்டுகள் நம்மோடு இருந்து உழைத்திருக்கிறார். அவருக்கு நாம் தந்திருப்பது வியப்பு மட்டும்தான். அவர் என்ன வேலை செய்தார், எப்படிச் செய்தார், அதன் தடம் நம் படங்களில் எங்கே கிடக்கிறது என்று பார்ப்பதற்காகவே இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டங்கனுக்குத் தமிழ் தெரியாமல் போனதால் தமிழ் சினிமாவுக்கு இரண்டு நன்மைகள் விளைந்தன. முதலாவது, படத்தின் பேச்சு முழுவதையும் ஒரு தமிழ் எழுத்தாளரின் பொறுப்பில் விட வேண்டியிருந்தது. இரண்டாவது, காதால் சரிபார்க்க முடியாததையெல்லாம் அவர் கண்ணால் சரிபார்க்க வேண்டியிருந்தது. நம் படங்கள் நாடகமேடையை விட்டு இறங்கிய கதையில் இந்த இரண்டுக்கும் பெரிய பங்கு உண்டு.

டங்கன் 1909 மே 11 அன்று, அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த பகுதியிலுள்ள பார்ட்டன் என்ற சிற்றூரில் பிறந்தார். இளமையிலேயே புகைப்பட ஆர்வம் பிடித்துக்கொண்டது. லாஸ் ஏஞ்சல்ஸ் போய், தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சினிமா படித்தார். சினிமாவைப் பல்கலைக்கழகப் பாடமாக நடத்துவதே உலகத்துக்குப் புதிதாக இருந்த காலம் அது. பம்பாயைச் சேர்ந்த மாணிக் லால் டாண்டன் அங்கே அவரோடு படித்தார். இந்தியாவுக்கு வாருங்கள், சேர்ந்து படம் எடுப்போம் என்று டாண்டன் அழைக்க, டங்கனும் மைக்கேல் ஓமலெவ் என்ற இன்னொரு வகுப்புத் தோழரும் 1935இல் கப்பலேறி வந்தார்கள். ஓமலெவ் சில மாதங்களில் ஊர் திரும்பிவிட்டார். ஆறு மாதம் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்த டங்கன் 1950 வரை இங்கேயே தங்கிவிட்டார்.

அன்றைய நிலைமையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இல்லாவிட்டால் டங்கனை ஏதோ தனிப்பட்ட அதிசயமாகவே நினைத்துவிடுவோம். 1935இல் தமிழ் பேசும் படத்துக்கு வயது நான்கு. முதல் படமான 'காளிதாஸ்' எடுக்கப்பட்டது பம்பாயில், இயக்கிய எச். எம். ரெட்டி தெலுங்கர். சென்னையில் பேசும்படத்துக்கான ஸ்டுடியோ 1934இல்தான் வந்தது. அதற்கு முன்னும், அதற்குப் பின் சில ஆண்டுகள் வரையிலும், தமிழ்ப் படம் எடுக்க வேண்டுமென்றால் நடிகர், பாடகர், சமையற்காரர், ஆர்மோனியம் எல்லாவற்றோடும் கல்கத்தாவுக்கோ பம்பாய்க்கோ ரயிலேற வேண்டும். அங்கே கேமராவுக்குப் பின்னால் வங்காளி நிற்பார், ஒலிப்பதிவு அறையில் பார்சி இருப்பார், செட் போடுபவர் மராட்டியராக இருப்பார். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தொடங்கிய காலத்தில் அங்கே ஜெர்மானிய ஒளிப்பதிவாளர்கள் வேலை பார்த்தார்கள். ஆக, தமிழ் தெரியாதவர்கள் தமிழ்ப் படத்தில் வேலை செய்வது அன்று வாடிக்கை. டங்கன் அந்த வரிசையில் வந்தவர். இயக்குநர் நாற்காலியிலேயே போய் உட்கார்ந்தார் என்பதுதான் வேறுபாடு.

பம்பாய் டாக்கீஸிலும் அதே காலத்தில் ஃபிரான்ஸ் ஆஸ்டன் என்ற ஜெர்மானியர் இந்திப் படங்களை இயக்கிக்கொண்டிருந்தார். ஆனால் அவருக்கு ஹிமான்ஷு ராய் என்ற முதலாளியும், நிலையான ஒரு ஸ்டுடியோவும், கூடவே ஜெர்மானியக் குழுவும் இருந்தன. 1939இல் போர் வந்ததும் எதிரி நாட்டவர் என்று அவரைப் பிடித்துக் காவலில் வைத்தார்கள். அவருடைய இந்திய வாழ்க்கை அத்தோடு முடிந்தது. டங்கனுக்கு நிலையான முதலாளி கிடையாது. ஒரு படம் கோயம்புத்தூர்க்காரருக்கு, அடுத்தது வேறொருவருக்கு. ஒரு முறை சென்னை, ஒரு முறை கல்கத்தா, பிறகு சேலம். ஒவ்வொரு படத்துக்கும் புதுக் குழு, புது மொழிபெயர்ப்பாளர். தெரியாத மொழியில் இப்படிப் பதினைந்து ஆண்டுகள் தாக்குப்பிடிப்பது சாதாரணக் காரியமா?

முதலில் டாண்டன் இயக்கிய 'நந்தனார்' படத்தில் டங்கன் கூடமாட வேலை செய்தார். கே. பி. சுந்தராம்பாள் ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் வாங்கி நடித்த படம் அது. பிறகு கோயம்புத்தூர்த் தயாரிப்பாளர் மருதாசலம் செட்டியார் தம் படத்தை இயக்கித்தரச் சொல்லி டாண்டனை அணுகியபோது, தமக்கு நேரமில்லை என்று டாண்டன் டங்கனைக் கைகாட்டினார். அப்படி வந்ததுதான் 1936இல் வெளியான 'சதி லீலாவதி'. எஸ். எஸ். வாசன் 'ஆனந்த விகட'னில் தொடராக எழுதிய கதை. குடிப்பழக்கத்தில் விழுந்த ஒருவன், நண்பனைக் கொன்றுவிட்டோம் என்று நம்பி இலங்கைக்கு ஓடிப்போய்த் தேயிலைத் தோட்டத்தில் கூலியாகிறான். அன்றைய தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் புராணக் கதைகளாக இருந்தன. பாட்டுகளின் எண்ணிக்கையை விளம்பரத்தில் போட்டுக்கொள்வார்கள். அந்த நேரத்தில் குடிகாரனும் தோட்டக் கூலியும் வருகிற ஒரு சமகாலக் கதையை எடுத்தார்கள். எம். கே. ராதா கதாநாயகன். டி. எஸ். பாலையா வில்லன். என். எஸ். கிருஷ்ணனும் உண்டு. ஒரு சிறிய போலீஸ் இன்ஸ்பெக்டர் வேடத்தில், பாய்ஸ் நாடகக் கம்பெனியிலிருந்து வந்த எம். ஜி. ராமச்சந்திரன் என்ற இளைஞர் முதன்முதலாகக் கேமரா முன் நின்றார்.

'பதிபக்தி' நாடகத்தின் கதையைத்தான் எடுத்துவிட்டார்கள் என்று இந்தப் படத்தின் மீது வழக்குக்கூட வந்தது. இரண்டுக்கும் மூலம் மிஸஸ் ஹென்றி வுட் எழுதிய ஓர் ஆங்கில நாவல்தான் என்று வாசனே சாட்சி சொன்னார். அமெரிக்க இயக்குநர், ஆங்கில நாவலின் வழிவந்த கதை, கோயம்புத்தூர்ப் பணம், நாடகக் கம்பெனி நடிகர்கள். தமிழ் சினிமா பிறக்கும்போதே பல ஊர்ச் சரக்கைக் கலந்துதான் பிறந்திருக்கிறது.

இப்போது முக்கியமான கேள்விக்கு வருகிறேன். மொழி தெரியாதவர் நடிகரை எப்படி இயக்க முடியும்? டங்கன் கையில் காட்சியின் ஆங்கில வடிவம் இருக்கும். பக்கத்தில் தமிழும் ஆங்கிலமும் அறிந்த உதவியாளர் நிற்பார். எழுதியதை நடிகர் பிசகாமல் சொல்கிறாரா என்று கவனிப்பது உதவியாளர் பொறுப்பு. சொல்லும்போது உடம்பு எங்கே நிற்கிறது, கண் எங்கே போகிறது, கை என்ன செய்கிறது என்று கவனிப்பது டங்கன் பொறுப்பு. இந்த வேலைப் பிரிவினையை நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நாடகமேடையில் குரல்தான் எல்லாம். கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் கேட்க வேண்டும் என்பதற்காகத் தொண்டையைத் திறந்து, சபையைப் பார்த்தபடி, கையை வீசிப் பேசிப் பழகிய நடிகர்கள் அவர்கள். அவர்களுடைய வசனத்தின் இனிமையில் மயங்க டங்கனுக்கு வழியில்லை. கை வீச்சு மட்டும்தான் அவருக்குத் தெரியும். அதைக் குறைக்கச் சொல்வார். கேமராவும் நின்ற இடத்தில் நின்றுகொண்டிருக்காது. தள்ளுவண்டியில் ஏற்றி நடிகருக்கு அருகே கொண்டுபோவார். குரலை உயர்த்தாமலே ஒரு மனநிலையைக் காட்ட முடியும் என்பதை நம் நடிகர்கள் அப்படித்தான் பழகினார்கள்.

பேச்சை எழுத்தாளர் பொறுப்பில் விட்டதன் விளைவு 1937இல் வந்த 'அம்பிகாபதி'யில் தெரிந்தது. கல்கத்தாவில் எடுத்த படம். எம். கே. தியாகராஜ பாகவதர் அம்பிகாபதி, எம். ஆர். சந்தானலட்சுமி அமராவதி, செருகளத்தூர் சாமா கம்பர். கம்பரின் மகன் சோழ இளவரசியைக் காதலித்து உயிரை விட்ட கதை நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். டங்கனுக்கு அது ஷேக்ஸ்பியரின் 'ரோமியோ ஜூலியட்'டாகத் தெரிந்தது. வசனம் எழுத வந்த இளங்கோவனிடம் அந்த நாடகத்தின் காதல் காட்சிகளைக் காட்டி, இந்தச் சுவையைத் தமிழில் கொண்டுவாருங்கள் என்று கேட்டார். இளங்கோவன் 'மணிக்கொடி' இதழ்க் காலத்து எழுத்தாளர். தணிகாசலம் என்பது அவர் இயற்பெயர். அதுவரை நம் படங்களில் மேடைத் தமிழும் மணிப்பிரவாளமும் கலந்த ஒரு நடைதான் ஓடிக்கொண்டிருந்தது. இளங்கோவன் செந்தமிழில், பேசினாலே கவிதையாக ஒலிக்கிற வசனத்தைக் கொண்டுவந்தார். அதைத் திருத்தவோ வெட்டவோ இயக்குநருக்குத் தமிழ் தெரியாது. எழுத்தாளர் எழுதியது எழுதியபடி திரைக்கு வந்தது.

படம் ஓராண்டு ஓடியது. வசனகர்த்தா என்று ஒருவர் இருக்கிறார், அவர் பெயருக்காகவும் படம் பார்க்கலாம் என்று சனங்கள் அறிந்துகொண்டது இளங்கோவன் வழியாகத்தான். பின்னாளில் அண்ணாவும் கலைஞர் கருணாநிதியும் வசனத்தால் திரையை ஆண்டார்கள் அல்லவா? அந்தப் பாதையின் தொடக்கத்தில் இளங்கோவன் நிற்கிறார். இளங்கோவனுக்கு அந்த இடத்தை விட்டுக்கொடுத்தவர் ஓஹையோக்காரர். தமிழ் தெரிந்த இயக்குநராக இருந்திருந்தால் தம் ரசனைக்கு ஏற்ப ஒரு கை பார்த்திருப்பார் என்றே நான் கருதுகிறேன்.

1940இல் 'சகுந்தலை'. டி. சதாசிவம் தயாரிப்பு. எம். எஸ். சுப்புலட்சுமி சகுந்தலை, ஜி. என். பாலசுப்பிரமணியம் துஷ்யந்தன். சங்கீத உலகின் இரண்டு சிகரங்களை ஒரே சட்டகத்தில் நிறுத்தினார் டங்கன். அதே ஆண்டில் நாதஸ்வரச் சக்கரவர்த்தி டி. என். ராஜரத்தினம் பிள்ளையைக் கவி காளமேகமாக நடிக்கவைத்தார். அந்தப் படம் சரியாகப் போகவில்லை. எல்லாப் படமும் வென்றன என்று நான் சொல்லவரவில்லை. 'சீமந்தினி', 'இரு சகோதரர்கள்', 'சூர்ய புத்ரி', 'தாசிப்பெண்' என்ற வரிசையில் மேலும் கீழும் இருந்தன. போர்க்காலத்தில் சென்னை அரசுக்காகச் செய்திப் படங்களும் எடுத்துக்கொடுத்தார். அவற்றை விட்டுவிட்டு நான் நேராக 'மீரா'வுக்கு வருகிறேன்.

'மீரா' 1945 தீபாவளிக்கு வந்தது. இந்தப் படத்துக்காக டங்கன் செய்த ஒரு காரியத்தை இங்கே படிக்கிற ஒவ்வொரு ஒளிப்பதிவு மாணவரும் தெரிந்துகொள்ள வேண்டும். எம். எஸ்ஸின் தலையை அளவெடுத்து, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் ஓர் உருவச்சிலை செய்யச் சொன்னார். ஒளிப்பதிவாளர் ஜிதன் பானர்ஜியும் அவரும் அந்தச் சிலையை ஸ்டுடியோவில் வைத்து, விளக்கை மேலே, கீழே, இடமாக, வலமாக நகர்த்தி நகர்த்திப் பார்த்தார்கள். எந்தக் கோணத்தில் மூக்கின் நிழல் கன்னத்தில் விழுகிறது, எந்த ஒளியில் கண் குழிந்து தெரிகிறது, எங்கே வைத்தால் முகம் தானே ஒளிர்வதுபோல் இருக்கிறது என்று சோதித்துச் சோதித்துப் படம்பிடித்தார்கள். அந்த முடிவுகளை வைத்துத்தான் எம். எஸ்ஸைப் படமாக்கினார்கள். நடிகையை மணிக்கணக்கில் விளக்கின் முன் உட்காரவைத்து வாட்டாமல் அந்த முகத்தை அங்குலம் அங்குலமாகப் படித்துவிட்டார்கள்.

'மீரா'வை மறுபடி பாருங்கள். பக்தியைக் காட்ட எம். எஸ். பெரிதாக எதுவும் செய்வதில்லை. உதடு அசைகிறது, கண் எங்கோ நிலைத்திருக்கிறது, வெளிச்சம் நெற்றியிலிருந்து இறங்குகிறது. அவ்வளவுதான். சிறுமி மீரா பாடிக்கொண்டிருக்கும்போதே, அந்தப் பாட்டின் நடுவிலேயே வளர்ந்து எம். எஸ். ஆகிவிடுகிறாள். சிறுமியாக நடித்தவர் சதாசிவத்தின் மகள் ராதா. காலம் கடந்ததைச் சொல்ல ஒரு வசனம்கூட அங்கே இல்லை. இசையைக் காதால் கேட்பதோடு கண்ணாலும் காணவைத்த இயக்கம் அது. மீரா நடந்த துவாரகைக்கும் ராஜபுதனத்தின் ஊர்களுக்கும் குழுவைக் கூட்டிக்கொண்டுபோய் எடுத்தார்கள். அந்த நாளில் அது பெரிய செலவு, பெரிய சிரமம். 1947இல் இந்தி வடிவம் வந்தபோது சரோஜினி நாயுடு திரையில் தோன்றி எம். எஸ்ஸை வடநாட்டுக்கு அறிமுகப்படுத்தினார். அந்தக் குரல் இந்தியா முழுவதற்கும் உரியதாக ஆனதில் டங்கனுக்கும் பானர்ஜிக்கும் பங்கு உண்டு என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். இதே 'மீரா'வில் ஜெயமல் என்ற சிறு வேடத்தில் எம்.ஜி.ஆர். வருகிறார். சினிமாவுக்கு வந்து ஒன்பது ஆண்டு ஆகியும் அவருக்கு அதுதான் கிடைத்தது.

டங்கனிடம் எனக்குக் குறையே இல்லையா என்று கேட்டால், உண்டு. மொழி அறியாததன் விலையை அவர் படங்கள் கொடுத்திருக்கின்றன. நகைச்சுவைப் பகுதிகள் தனித் தீவாக ஒதுங்கி நிற்கும். அவற்றைப் படத்தோடு பிணைக்க அவரால் முடியவில்லை. சொல் விளையாட்டு எங்கே சிரிப்பை வரவழைக்கிறது என்று தெரியாத ஒருவர் அதை எப்படி வெட்டி ஒட்டுவார்? சில உரையாடல் காட்சிகள் அளவுக்கு மீறி நீளும். முகமும் நிலவெளியும் பேசுகிற இடங்களில்தான் அவர் மன்னர். பேச்சே பிரதானமான இடங்களில் அவர் எழுத்தாளரின் கையை நம்பியிருந்தார். எழுத்தாளர் வலுவாக இல்லாவிட்டால் படமும் தளர்ந்துவிடும்.

1950இல் அவர் சேலத்தில் இருந்தார். மாடர்ன் தியேட்டர்ஸ் டி. ஆர். சுந்தரம் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் படித்தவர். ஸ்டுடியோவைத் தொழிற்சாலை ஒழுங்கோடு நடத்தியவர். வேலையில் கண்டிப்பான இரண்டு பேர் சேர்ந்தார்கள். பாரதிதாசனின் 'எதிர்பாராத முத்தம்' காவியத்தைத் தழுவி 'பொன்முடி' வந்தது. காதலர்கள் நெருக்கமாக நடித்த காட்சிகளைப் பார்த்து, அமெரிக்கர் நம் பண்பாட்டைக் கெடுக்கிறார் என்று கண்டனம் எழுந்தது. அந்தக் குற்றச்சாட்டை நான் ஏற்கவில்லை. பாரதிதாசன் எழுதிய காதலைவிட டங்கன் எடுத்த காதல் ஒன்றும் துணிச்சலானதில்லை. ஏட்டில் பொறுத்துக்கொண்டதைத் திரையில் பொறுக்க நாம் பழகியிருக்கவில்லை. அதுதான் உண்மை.

அடுத்து 'மந்திரிகுமாரி'. ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றான குண்டலகேசியின் கதையிலிருந்து மு. கருணாநிதி எழுதிய நாடகம்; வசனமும் அவரே. எம்.ஜி.ஆர். படைத்தளபதி வீரமோகன். எஸ். ஏ. நடராஜன் கொள்ளைக்காரன் பார்த்திபன். மாதுரி தேவி மந்திரி மகள் அமுதவல்லி. மனைவி அமுதவல்லியை மலையுச்சிக்கு அழைத்துப்போய்த் தள்ளிவிட நினைக்கிற கணவன் பார்த்திபனை, சாகுமுன் ஒருமுறை வலம் வருகிறேன் என்று சொல்லிச் சுற்றிவந்து, அவள் தள்ளிவிடுகிற கட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். உச்சிப்பாறை, விரிந்த வானம், இரண்டே மனிதர்கள், அதற்குச் சற்று முன்பு வரை காதல் பாட்டு. எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் பார்ப்பவரின் நெஞ்சு படபடக்கிறது. இந்தப் படம் முடியுமுன் டங்கன் தாய்நாடு திரும்ப நேர்ந்தது. மீதியை சுந்தரம் முடித்தார். இயக்கம் என்று இருவர் பெயரும் போட்டார்கள்.

1936இல் அவருடைய முதல் படத்தில் எம்.ஜி.ஆர். அறிமுகம். 1950இல் அவருடைய கடைசித் தமிழ்ப் படத்தில் எம்.ஜி.ஆர். கதாநாயகன், கலைஞர் வசனம். தமிழகத்தின் இரண்டு எதிர்கால முதலமைச்சர்கள் பணியாற்றிய படத்தின் இயக்குநருக்கு அவர்கள் பேசியதும் எழுதியதும் புரியாது. ஆனாலும் இளங்கோவனுக்குக் கிடைத்த அதே சுதந்திரம் கருணாநிதிக்கும் கிடைத்தது. அந்த வசனம் அன்று ஊரெங்கும் முழங்கியது.

ஊர் திரும்பிய பிறகும் அவர் இந்தியாவை விடவில்லை. 1952இல் மாடர்ன் தியேட்டர்ஸும் அமெரிக்கர்களும் சேர்ந்து எடுத்த 'தி ஜங்கிள்' படத்துக்குப் பாலமாக இருந்தார். தமிழில் அது 'காடு' என்று வந்தது. யானைகளுக்கு மயிர் போர்த்தி, அழிந்துபோன மாமூத்களாகக் காட்டிய படம். ஹாலிவுட்காரர்கள் 'ஹாரி பிளாக்' போன்ற படங்களுக்காக இந்தியா வந்தபோதும் அவருடைய அனுபவத்தை நாடினார்கள். பிறகு மேற்கு விர்ஜீனியா மாநிலத்தின் வீலிங் நகரில் நிறுவனம் தொடங்கி, தொழிற்சாலைகளுக்கும் பொது அமைப்புகளுக்கும் ஆவணப்படங்கள் எடுத்துக்கொண்டு அமைதியாக வாழ்ந்தார். பாகவதரையும் எம். எஸ்ஸையும் இயக்கியவர் என்பது அந்த ஊரில் எத்தனை பேருக்குப் புரிந்திருக்கும்! 1990களில் முதிய வயதில் சென்னைக்கு வந்தபோது திரையுலகம் அவரைப் பாராட்டி மகிழ்ந்தது. 2001 டிசம்பர் 1 அன்று வீலிங்கில் காலமானார். அதே ஆண்டில் 'எ கைட் டு அட்வெஞ்சர்' என்ற அவருடைய தன்வரலாறு வெளிவந்தது. 2013இல் கரண் பாலி 'ஆன் அமெரிக்கன் இன் மெட்ராஸ்' என்ற நல்ல ஆவணப்படம் எடுத்தார்.

நண்பர்களே, 'சதி லீலாவதி'யை இன்று நாம் பார்க்க முடியாது, பிரதி இல்லை. எம்.ஜி.ஆரின் முதல் காட்சி, பாலையாவின் முதல் வில்லத்தனம், டங்கன் தமிழ் மண்ணில் வைத்த முதல் கேமரா, எல்லாம் போய்விட்டன. அந்தக் காலத்து நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பிடிக்கும், தானாகவே மக்கியும்போகும். அதைக் காக்க வேண்டும் என்று நம்மவர்களுக்குத் தோன்றவில்லை. ஆனால் டங்கன் சேர்த்துவைத்த படச்சுருள்களும் புகைப்படங்களும் தாள்களும் மேற்கு விர்ஜீனியா மாநில ஆவணக்காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன. அங்கிருந்து முறைப்படி பிரதிகள் கேட்டு வாங்கி, தரமணியில் எம்.ஜி.ஆர். பெயரில் இயங்கும் அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் மாணவர்கள் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்று தமிழ்நாடு அரசைக் கேட்டுக்கொள்கிறேன். வீட்டுப் பரணிலோ பழைய டூரிங் கொட்டகைச் சாமான்களிலோ யாரிடமாவது ஒரு பழைய சுருள் கிடந்தால், அதை விற்றுவிடாதீர்கள், எரித்துவிடாதீர்கள். புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.